ஸ்லம்ப் சோதனையைத் தப்பாகச் செய்ததில் போன 33 நாட்கள்

ஸ்லம்ப் சோதனை என்றால், ஈரக் கான்கிரீட்டை ஒரு இரும்புக் கூம்பில் நிரப்பி, கூம்பைத் தூக்கியதும் கான்கிரீட் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளப்பது. அதிகம் இறங்கினால் இளக்கம் அதிகம். கல்லூரியில் அதற்கு ஒரு பிற்பகல்தான் கிடைத்தது. எட்டுப் பேருக்கு ஒரு கூம்பு. ஒருவன் தூக்கினான், ஒருவன் அளந்தான், மீதிப் பேர் அந்த எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டோம். வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதம், சீனியர் விடுப்பில் இருந்த ஒரு நாளில், 54 கனமீட்டர் கான்கிரீட்டுக்கு முன்னால் அந்த ஒரு பிற்பகலை நம்பி நான் தனியாக நின்றேன். அன்று காலை யாராவது ஒருவர் பத்து நிமிடம் பக்கத்தில் நின்று சொல்லியிருந்தால் நடந்ததில் பாதி நடந்திருக்காது. முதல் முறை தனியாகக் கூம்பைக் கையில் எடுக்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் மாடியின் கூரைத் தளமும் அதன் பீம்களும் ஒரே நாளில் போட வேண்டும். பிளாண்டில், அதாவது கலவை ஆலையில், கலந்தே வரும் ரெடிமிக்ஸ் கான்கிரீட், லாரிக்கு 6 கனமீட்டர் வீதம் ஒன்பது லாரி. 28 நாளில் 30 மெகாபாஸ்கல் வலிமை, சைட்டுக்கு வந்து சேரும்போது 120 மில்லிமீட்டர் ஸ்லம்ப், கூடவோ குறையவோ 25 வரை பரவாயில்லை என்று கேட்டிருந்தோம். அதாவது 95 முதல் 145 வரை எது வந்தாலும் சரி. முந்தைய நாள் சீனியர் போனில் சொன்னது ஒரே வாக்கியம்: "ஒவ்வொரு லாரிக்கும் ஸ்லம்ப் பார்த்துட்டு இறக்கு." நானும் "சரி சார்" என்று சொல்லிவிட்டேன். கூம்பு எங்கே இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று அன்று இரவே போய்ப் பார்க்கவில்லை. என்னுடைய முதல் தவறு அதுதான், கான்கிரீட் வருவதற்கு முன்பே நடந்துவிட்ட தவறு.

காலையில் முதல் லாரி வந்து நின்றது. ஓட்டுநரிடம் கொஞ்சம் இறக்கச் சொல்லி, சரிவுத் தகட்டில் முதலில் வந்து விழுந்ததையே ஒற்றைச் சக்கர வண்டியில் பிடித்தேன். அப்புறம்தான் ஸ்டோருக்கு ஓடினேன். கூம்பு கிடைத்தது, உள்பக்கம் பழைய சாந்து காய்ந்து ஒட்டியிருந்தது. குத்துவதற்கான கம்பியைக் காணவில்லை. தேடித் தேடிப் பார்த்துவிட்டு, கடைசியில் கம்பி வளைக்கும் இடத்திலிருந்து 16 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வந்தேன். அதற்குள் இருபது நிமிடம் போய்விட்டது. வண்டியிலிருந்த கான்கிரீட் அத்தனை நேரமும் வெயிலில் இருந்தது. மணல் குவியல் பக்கத்தில் ஒரு பழைய பிளைவுட் பலகையைப் போட்டு, அதன்மேல் கூம்பை வைத்து, நிரப்பி, குத்தி, தூக்கி அளந்தேன். 70 மில்லிமீட்டர்.

சோதனை செய்யும்போது உடம்பில் ஏறும் பதற்றத்தைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் எழுதியிருக்காது. பின்னால் இரண்டாவது லாரியும் வந்து நின்றுவிட்டது. பம்ப் ஆபரேட்டர் குழாயைத் தயார் செய்துவிட்டுக் காத்திருக்கிறார். மேலே தளத்தில் பதினைந்து பேர் கையில் கருவிகளோடு எட்டிப் பார்க்கிறார்கள். எல்லாரும் என்னைவிட இருபது வருட அனுபவம் அதிகம் உள்ளவர்கள். 70 என்று நான் சொன்னதும் பம்ப் ஆபரேட்டர், "தம்பி, இதைத் தள்ளினா பைப் அடைச்சிரும், தண்ணி விடச் சொல்லுங்க" என்றார். மேஸ்திரியும் தலையாட்டினார். என் கையில் இருந்த எண்ணும் அதையேதான் சொன்னது. கான்கிரீட் கெட்டியாக வந்திருக்கிறது, எனவே இளக்க வேண்டும். நான் ஓட்டுநரைப் பார்த்துச் சரி என்று கையசைத்தேன். அவர் லாரியின் தண்ணீர்க் குழாயை டிரம்முக்குள் திருப்பினார். ஐந்து நிமிடம் இருக்கும். யாரும் அளக்கவில்லை, நானும் அளக்கச் சொல்லவில்லை.

அதன்பின் கான்கிரீட் பாயசம் போல ஓடியது. மேலே எல்லாருக்கும் மகிழ்ச்சி. பரப்புவது எளிது, வைப்ரேட்டர் போட வேண்டிய வேலையே இல்லை என்றார்கள். இரண்டாவது லாரிக்காரர் முன்னதைப் பார்த்துவிட்டு, நான் கேட்காமலே தண்ணீரைத் திறந்துவிட்டார். மூன்றாவதும் அப்படியே. அந்த இரண்டுக்கும் நான் ஸ்லம்ப் பார்க்கவே இல்லை. இரண்டாவது லாரியிலிருந்து கியூப் மட்டும், அதாவது பிறகு உடைத்து வலிமை பார்ப்பதற்கான கான்கிரீட் கட்டிகள், எடுத்துவைத்தேன். அதையாவது செய்தேனே என்று பிறகு பல முறை நினைத்ததுண்டு. அந்தக் கியூப்கள் இல்லாவிட்டால் அந்தத் தளத்தின் மூன்றில் ஒரு பங்கில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

நான்காவது லாரிக்கு மனசு உறுத்தியது. சீனியர் சொன்னது ஞாபகம் வந்து மறுபடி கூம்பை எடுத்தேன். இந்த முறை அவசரத்தில் கொஞ்சம் திருகி, வெடுக்கென்று தூக்கினேன். கான்கிரீட் நேராக இறங்காமல் பாதி ஒரு பக்கமாகச் சரிந்து விழுந்தது. பார்த்ததும் பயந்துவிட்டேன். மூன்று லாரி நீர்த்துப் போய் மேலே போய்விட்டது என்ற குற்ற உணர்வு ஏற்கெனவே உள்ளே இருந்தது. இதையாவது கண்டிப்பாகச் செய்வோம் என்று ஒரு வேகம். "இந்த லாரி வேண்டாம், திருப்பி எடுத்துட்டுப் போங்க" என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஓட்டுநர் எதுவும் பேசவில்லை. பிளாண்டுக்குப் போன் செய்தார். பிளாண்டில் அடுத்த லாரியை நிறுத்தி வைத்துவிட்டார்கள். அடுத்து கான்கிரீட் வருவதற்கு 1 மணி 50 நிமிடம் ஆனது. அந்த வெயிலில் மேலே போட்ட கான்கிரீட்டின் ஓரம் இறுகத் தொடங்கிவிட்டது. பழையதும் புதியதும் சேராத ஒரு கோடு, கோல்ட் ஜாயிண்ட், தளத்தின் குறுக்கே விழுந்தது.

ஐந்தாவதாக வந்த லாரிக்கு முன்னால் ஒரு வண்டியில் பிளாண்டின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவிலிருந்து ஒரு பெண் வந்து இறங்கினார். ஐம்பது வயது இருக்கும். சொந்தக் கூம்பு, இரும்புத் தகடு, கம்பி, வாளி, துணி எல்லாம் வண்டியிலேயே இருந்தன. திட்டப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது ஒன்றுதான்: "தம்பி, காலையில எப்படிச் செஞ்சீங்களோ அதே மாதிரி இப்ப ஒரு தடவை செஞ்சு காட்டுங்க." அதே பலகை, அதே கூம்பு, அதே முறுக்குக் கம்பி. நான் செய்தேன். 90 வந்தது. பக்கத்திலேயே அதே ஒற்றைச் சக்கர வண்டியிலிருந்த கான்கிரீட்டை எடுத்து அவர் செய்தார். 125 வந்தது. ஒரே லாரி, ஒரே மாதிரி, ஐந்து நிமிட இடைவெளிகூட இல்லை. என் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் இறங்கிவிட்டது. காலையில் வந்த லாரியில் எந்தக் குறையும் இல்லை என்று அந்தக் கணமே புரிந்தது. நான் திருப்பி அனுப்பிய லாரியையும் வழியில் நிறுத்திப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். அது 110. நல்ல கான்கிரீட். ஆனால் கலந்து 90 நிமிடத்துக்குமேல் ஆகிவிட்டதால் அதை இனி எங்கும் போட முடியாது. 6 கனமீட்டர் வீணாகக் கொட்டப்பட்டது, அதற்கான பணம் எங்கள் கணக்கில்.

அவர் அங்கேயே தரையில் குந்தி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தவற்றை என் வார்த்தைகளில் எழுதுகிறேன். அன்றைய நாளின் ஒரே நல்ல விஷயம் அதுதான்.

முதலில் தரை. கூம்பு நிற்கும் இடம் ஆடக் கூடாது, சாய்ந்திருக்கக் கூடாது, தண்ணீரை உறிஞ்சக் கூடாது. மணல்மேல் கிடக்கும் பிளைவுட் இந்த மூன்றையும் செய்யும். காய்ந்த பலகை கான்கிரீட்டின் அடியிலிருக்கும் ஈரத்தை இழுத்துப் பிடித்துக்கொள்ளும், கான்கிரீட் பரவாது, ஸ்லம்ப் குறைத்துக் காட்டும். பக்கத்தில் வைப்ரேட்டரோ ஜெனரேட்டரோ ஓடி அதிர்வு வந்தால் நேர்மாறாக அதிகம் காட்டும். இரும்புத் தகடுதான் நல்லது. அதை மட்டம் பார்த்து வைத்து, தகட்டையும் கூம்பின் உள்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. கூம்பின் உள்ளே காய்ந்த சாந்து ஒட்டியிருந்தால் தூக்கும்போது கான்கிரீட்டை அது பிடித்து இழுக்கும். கூம்பு 300 மில்லிமீட்டர் உயரம், அடியில் 200, மேலே 100 விட்டம். ஒடுங்கியோ விளிம்பு வளைந்தோ இருந்தால் அந்த அளவுகள் போய்விட்டன என்று அர்த்தம், அதைத் தூக்கிப் போட்டுவிடலாம்.

கம்பியைப் பற்றி அவர் சொன்னது எனக்கு முற்றிலும் புதிது. 16 மில்லிமீட்டர் விட்டம், 600 மில்லிமீட்டர் நீளம் என்று படித்திருந்தேன். அதனால்தான் அதே தடிமனில் முறுக்குக் கம்பி வெட்டினேன். ஆனால் சோதனைக் கம்பி வழவழப்பானது, அதன் முனை அரைக்கோளமாக உருண்டிருக்கும். உருண்ட முனை ஜல்லியை விலக்கிக்கொண்டு உள்ளே போகும், வெளியே வரும்போது ஓட்டை தானாக மூடிக்கொள்ளும். முறுக்குக் கம்பியின் வரிகள் சாந்தை இழுத்துக்கொண்டு வரும், வெட்டிய தட்டை முனை ஜல்லியை அமுக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் 25 குத்து. முதல் அடுக்கில் அடிவரை, அடுத்தடுத்த அடுக்குகளில் கீழ் அடுக்குக்குள் சற்றே இறங்கும் அளவுக்கு. நடுவில் மட்டும் குத்தினால் போதாது. கூம்பின் ஓரம் சாய்வாக இருப்பதால் கம்பியையும் கொஞ்சம் சாய்த்து ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும்.

அடுக்கில்தான் பெரிய குழப்பம். சில தரக்குறிப்புகளில் மூன்று அடுக்கும் சம கொள்ளளவு. கூம்பு அடியில் அகலம் என்பதால் அப்படிச் செய்தால் முதல் அடுக்கு சுமார் 70 மில்லிமீட்டர் உயரத்திலும் இரண்டாவது சுமார் 160 உயரத்திலும் முடியும். வேறு சிலவற்றில் மூன்று அடுக்கும் சம உயரம். பழைய சிலவற்றில் நான்கு அடுக்கு. அளக்கும் இடமும் அப்படித்தான். சிலவற்றில் இறங்கிய கான்கிரீட்டின் மேல்பரப்பின் நடுவிலிருந்து அளப்பார்கள், சிலவற்றில் இருப்பதிலேயே உயரமான புள்ளியிலிருந்து. எது உயர்ந்தது என்று வாதாட வேண்டியதில்லை. உங்கள் ஒப்பந்தத்தில் எந்தத் தரக்குறிப்பு இருக்கிறதோ அதை மட்டும் பின்பற்றுங்கள். பிளாண்டும் அதையேதான் பின்பற்றுகிறதா என்று கான்கிரீட் போடும் நாளுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். இரண்டு பக்கமும் வேறு வேறு முறையில் அளந்துவிட்டு லாரிக்கு முன்னால் சண்டை போடுவதை அதற்கப்புறம் நான் இரண்டு முறை பார்த்துவிட்டேன்.

நிரப்பும்போது முழு நேரமும் கூம்பின் இரண்டு பக்கத் தகடுகளையும் கால்களால் அழுத்தி மிதித்திருக்க வேண்டும். கூம்பு லேசாக எழும்பினால்கூட அடியில் கசிந்துவிடும், அப்புறம் வரும் எண்ணுக்கு அர்த்தம் இல்லை. மேலே வழித்துச் சமன் செய்தபின் சுற்றிலும் சிந்தியதைத் துடைத்து எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் அதுவே அணைபோல நின்று கான்கிரீட்டைப் பரவவிடாது. பிறகு கைப்பிடிகளைக் கையால் கீழே அழுத்திக்கொண்டு கால்களை எடுத்து, நேர் மேலாக, திருகாமல், சுமார் 5 வினாடியில் கூம்பைத் தூக்க வேண்டும். "மனசுக்குள்ள ஒண்ணு, ரெண்டுன்னு அஞ்சு வரை எண்ணுங்க, அவசரம் தானா அடங்கிரும்" என்றார். நிரப்பத் தொடங்கியதிலிருந்து தூக்கி முடிக்கும் வரை எல்லாம் இரண்டரை நிமிடத்துக்குள். தூக்கியவுடனே அளக்க வேண்டும், போட்டோ எடுக்கப் போகக் கூடாது. கூம்பைக் கவிழ்த்துப் பக்கத்தில் வைத்து, அதன்மேல் கம்பியைக் குறுக்கே வைத்து, கம்பியின் அடியிலிருந்து கான்கிரீட் வரை அளந்து, 5 மில்லிமீட்டருக்கு முழுமையாக்கி எழுத வேண்டும்.

நான்காவது லாரியில் எனக்கு நடந்ததற்குப் பெயர் ஷியர் ஸ்லம்ப். கான்கிரீட் எல்லாப் பக்கமும் ஒரே சீராக இறங்கினால் அதுதான் அளக்கத் தகுந்த ஸ்லம்ப். ஒரு பக்கம் வெட்டினாற்போல் சரிந்தால் அந்த எண்ணை எழுதவே கூடாது, அதே லாரியிலிருந்து வேறு மாதிரி எடுத்து மறுபடி செய்ய வேண்டும். இரண்டாவது முறையும் சரிந்தால்தான் கான்கிரீட்டுக்கு ஒட்டும் தன்மை குறைவு என்று சொல்ல முடியும். ஒரே ஒரு சோதனையை வைத்து ஒரு லாரியைத் திருப்பி அனுப்பாதீர்கள். இன்னொன்றும் காட்டினார். அளந்து முடித்ததும் தகட்டின் ஓரத்தைக் கம்பியால் லேசாக நாலு தட்டு தட்டினார். கான்கிரீட் உடையாமல் மெதுவாக இன்னும் கொஞ்சம் இறங்கியது. நல்ல கலவை அப்படி இறங்கும், சாந்து போதாத கரடுமுரடான கலவை ஜல்லி தனியாக உதிர்ந்து விழும். எந்தப் படிவத்திலும் அதை எழுத இடம் இல்லை. ஆனாலும் நான் இப்போது தவறாமல் தட்டிப் பார்க்கிறேன்.

மாதிரி எடுப்பதிலும் நான் தவறியிருந்தேன். லாரியிலிருந்து முதலில் வருவதும் கடைசியில் வருவதும் முழு லாரிக்குப் பிரதிநிதி இல்லை. முதல் பத்தில் ஒரு பங்கையும் கடைசிப் பத்தில் ஒரு பங்கையும் விட்டுவிட்டு, நடுவில் இரண்டு மூன்று முறை எடுத்துச் சேர்த்துக் கிளறிச் சோதிக்க வேண்டும். "அப்படிப் பார்த்தா பாதி லாரி மேலே போயிருமே மேடம்?" என்று கேட்டேன். இறக்குவதற்கு முன் முடிவெடுக்க வேண்டுமென்றால், லாரியை வேகமாக ஒரு நிமிடம் சுற்றவிட்டு, கால் கனமீட்டர் போல வெளியே எடுத்தபின் வருவதைப் பிடித்து ஒரு முன்னோட்டச் சோதனை செய்யலாம் என்றார். எப்படி எடுத்தாலும், மாதிரியைச் சேகரித்து முடித்த ஐந்து நிமிடத்துக்குள் ஸ்லம்ப் தொடங்கிவிட வேண்டும், அதுவரை வெயிலும் காற்றும் படாமல் மூடி வைக்க வேண்டும். கருவியைத் தேடிவிட்டு அப்புறம் செய்யலாம் என்ற பேச்சே கூடாது. வெயிலில் இருபது நிமிடம் கிடந்த மாதிரியை அளந்துவிட்டு அதுதான் லாரியின் நிலை என்று நான் முடிவு செய்திருந்தேன்.

தண்ணீர் விஷயத்துக்கு வருகிறேன், இதில்தான் எனக்கு இன்னும் வலி இருக்கிறது. மறுநாள் அந்த மாதிரி லாரிக் குழாயை ஒரு 20 லிட்டர் வாளியில் பிடித்துப் பார்த்தேன். 20 வினாடியில் நிறைந்தது. அப்படியென்றால் ஐந்து நிமிடத்தில் 300 லிட்டர். 6 கனமீட்டருக்கு 300 என்றால் கனமீட்டருக்கு 50 லிட்டர். எங்கள் கலவையில் கனமீட்டருக்கு 400 கிலோ சிமெண்ட், 180 லிட்டர் தண்ணீர், அதாவது விகிதம் 0.45. நான் கையசைத்ததில் அது 0.575 ஆகிவிட்டது. சரியாக அடர்த்தி செய்த கான்கிரீட்டின் வலிமையை முதன்மையாகத் தீர்மானிப்பது இந்தத் தண்ணீர் சிமெண்ட் விகிதம்தான் என்று டஃப் ஏப்ராம்ஸ் 1918-லேயே நிறுவிவிட்டார். எனக்கும் தெரியும், தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். லாரிக்கு முன்னால் அது ஞாபகத்துக்கு வரவில்லை. சைட்டில் உள்ளவர்கள் சொல்லும் ஒரு தோராயக் கணக்கு இருக்கிறது: கனமீட்டருக்கு 5 லிட்டர் கூடினால் ஸ்லம்ப் ஏறக்குறைய 25 மில்லிமீட்டர் ஏறும், வலிமை ஒன்று ஒன்றரை மெகாபாஸ்கல் இறங்கும். கலவைக்குக் கலவை மாறும் என்றாலும் மனதில் வைத்துக்கொள்ள நல்ல கணக்கு.

அதற்காகத் தண்ணீரே சேர்க்கக் கூடாது என்று இல்லை. பிளாண்டில் வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீரை நிறுத்தி வைத்து, இன்னும் எத்தனை லிட்டர் சேர்க்கலாம் என்று டெலிவரி சீட்டில் எழுதியனுப்பினால் அந்த அளவுவரை சேர்க்கலாம். இறக்கத் தொடங்குவதற்கு முன், ஒரே தடவை, அளந்து. சேர்த்தபின் டிரம் கலக்கும் வேகத்தில் குறைந்தது 30 சுற்றாவது சுற்ற வேண்டும், அப்புறம் மறுபடி ஸ்லம்ப். எத்தனை லிட்டர், யார் சொல்லி, எத்தனை மணிக்கு என்று சீட்டில் எழுதி ஓட்டுநரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும். சீட்டில் இடமில்லையென்றால் தண்ணீருக்கு வழியில்லை. பிளாண்டிலிருந்து சூப்பர்பிளாஸ்டிசைசர் அனுப்பி, அவர்கள் ஆளே அளவோடு சேர்ப்பதுதான் சரியான வழி. அது தண்ணீரைக் கூட்டாமலே இளக்கும். இதனால்தான் ஸ்லம்ப் எண்ணைப் பார்த்து வலிமையைச் சொல்ல முடியாது என்கிறார்கள். 180 ஸ்லம்ப் உள்ள ஒரு கான்கிரீட் அருமையானதாக இருக்கலாம், அதே 180 உள்ள இன்னொன்று வெறும் தண்ணீரால் அப்படி ஆகியிருக்கலாம். கூம்பு சொல்வது, இந்த லாரி நாம் கேட்ட லாரி மாதிரி இருக்கிறதா, போன லாரி மாதிரி இருக்கிறதா என்பதை மட்டும்தான்.

அன்று மாலையே தளத்தில் அடையாளங்கள் தெரிந்தன. முதல் மூன்று லாரி போட்ட பகுதியில் மேலே தண்ணீர் மிதந்தது. பிறகு கம்பிகளுக்கு நேர் மேலே கோடு போட்டாற்போல் விரிசல்கள் வந்தன. நீர்த்த கான்கிரீட் கீழே அமரும்போது கம்பி தடுப்பதால் வரும் விரிசல் அது. ஏழாம் நாள் இரண்டாவது லாரியின் கியூப்கள் சராசரி 15.5 மெகாபாஸ்கல், ஆறாவது லாரியின் கியூப்கள் 25. அன்றிரவு சீனியருக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தண்ணீர் விட்டதை மறைத்துவிடலாமா என்று ஒரு மணி நேரம் யோசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மறைத்திருந்தால் தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளைப் பதினாலாம் நாள் பிரித்திருப்பார்கள். அந்த நினைப்பே என்னைப் பேச வைத்தது. அவர் கோபப்பட்டார், ஆனால் உடனே முட்டு பிரிப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டார்.

28 நாளில் இரண்டாவது லாரி 24, ஆறாவது லாரி 37. 30 வர வேண்டிய இடத்தில் 24. கட்டமைப்புப் பொறியாளர் வந்து பார்த்து, தளத்தில் மூன்று இடத்தில் கோர், அதாவது துளையிட்டு எடுக்கும் உருளைத் துண்டு, எடுத்து வலிமை பார்க்கச் சொன்னார். மூன்றின் சராசரி குறிப்பிட்ட வலிமையில் 85 சதவீதத்துக்குக் குறையாமலும், எந்த ஒன்றும் 75 சதவீதத்துக்குக் குறையாமலும் இருந்தால் ஏற்கலாம் என்பது எங்கள் ஒப்பந்தத்தில் இருந்த விதி. அதாவது சராசரி 25.5, தனி ஒன்று 22.5. முடிவு வரும்வரை நான் சரியாகத் தூங்கவில்லை. சராசரி 26.1, மிகக் குறைந்தது 24.2. மயிரிழையில் தப்பியது. கோல்ட் ஜாயிண்ட் விழுந்த கோட்டைத் தனியாக வெட்டித் திறந்து நிரப்பினார்கள். பதினாலாம் நாள் பிரிக்க வேண்டிய முட்டுகள் நாற்பத்தேழாம் நாள்தான் பிரிக்கப்பட்டன. 33 நாள் மேல்மாடி வேலை நின்றது. கொட்டிய லாரி, கோர் எடுத்த செலவு, விரிசல் வேலை, கூடுதல் நாட்களுக்கு முட்டு வாடகை எல்லாம் சேர்த்து என்னுடைய ஏழு மாதச் சம்பளத்துக்கு மேல். என்னிடம் யாரும் பிடித்தம் செய்யவில்லை. அந்த வருட ஊக்கத்தொகை மட்டும் வரவில்லை, அதைப் பற்றி நானும் கேட்கவில்லை.

உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வந்தால், முந்தைய நாள் மாலையே தகட்டை மட்டம் பார்த்து நிழலில் வைத்துவிடுங்கள். கூம்பு, கம்பி, டேப், கரண்டி, வாளி, துணி, பதிவேடு எல்லாம் அதன் பக்கத்திலேயே. கையில் இருக்கும் மணலையும் சிமெண்டையும் வைத்து வெறும் கலவையில் இரண்டு மூன்று தடவை செய்து பழகுங்கள். ஒரே கலவையில் இரண்டு தடவை செய்து எண்கள் நெருங்கி வரும்வரை உங்கள் கையை நம்பாதீர்கள். பம்ப் ஆபரேட்டரிடமும் லாரிக்காரர்களிடமும் வேலை தொடங்கும் முன்பே, கூட்டம் இல்லாத நேரத்தில், தண்ணீர் விடுவது என் கையெழுத்து இல்லாமல் நடக்கக் கூடாது அண்ணே என்று சொல்லிவிடுங்கள். லாரிக்கு முன்னால் நின்று சொன்னால் அது சண்டையாகிவிடும். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பம்ப் அடைத்தால் குழாயைக் கழற்றிச் சுத்தம் செய்யப் போவது அவர்கள்தான், அவர்கள் பயமும் உண்மையான பயம்தான்.

இரண்டாவது மாடித் தளத்துக்கு நான்தான் மறுபடி நின்றேன், சீனியர் பக்கத்தில் இருந்தும் எதுவும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். முதல் நான்கு லாரி 115, 120, 120, 125. ஐந்தாவது 165. வயிற்றில் பழைய பயம் எழுந்தது. வேறு மாதிரி எடுத்து மறுபடி செய்தேன், 160. இரண்டும் சீராகவே இறங்கியிருந்தன. லாரியை ஓரமாக நிறுத்தச் சொல்லிவிட்டு பிளாண்டுக்குப் போன் செய்து இரண்டு எண்ணையும் சொன்னேன். அதே மேடம்தான் எடுத்தார். கால் மணி நேரத்தில் திரும்பக் கூப்பிட்டார். இரவு மழையில் நனைந்த மணல் குவியலிலிருந்து அள்ளியிருக்கிறார்கள், மணலின் ஈரத்தைக் கணக்கில் கழிக்கவில்லை, அந்த லாரியைத் திருப்பி அனுப்புங்கள், செலவு எங்களுடையது என்றார். அடுத்த லாரி ஏற்கெனவே வழியில் இருந்தது, அது உலர்ந்த குவியலிலிருந்து ஏற்றியது. வந்ததும் பார்த்தேன், 120. பம்ப் ஆபரேட்டர் குழாயைத் திறந்தார்.